வயிற்றில் கட்டிய பாரம்

மாரி மழை விட்டு, வயல் வட்டையில் வெள்ளாமை கதிர் தள்ளிய பிறகும் உங்கள் அம்மாவின் இருமல் நிற்கவில்லை. விடியப்புறம் மட்டும் இருமினால் பனி என்று விட்டிருப்போம். அவள் பகலிலும் இருமினாள். அடுப்படியில் குந்தி ஊதுகுழலை வாயில் வைத்தால் ஊத முடியாமல் சுவரைப் பிடித்துக்கொள்வாள்.

அப்போது நீங்கள் ஒருவரும் பிறக்கவில்லை. செங்கலடியில் இப்போது நாம் இருக்கிற இதே வளவில் ஓர் ஓலை வீட்டில் இருந்தோம். எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்து நான்தான் உங்கள் அம்மாவின் வீட்டுக்கு வந்தவன். அதே வளவின் மறு வீட்டில் உங்கள் பெரியம்மா இருந்தார். தாயில்லாத தங்கச்சியை வளர்த்தவர் அவர்தான். ஆகையால் முறைக்கு எனக்கு மச்சாள் என்றாலும், மாமியாரின் அதிகாரம் முழுவதும் அவர் கையில் இருந்தது. மச்சாள் என்ற உரிமையில் என்னைப் பகிடி பண்ணிச் சிரிப்பார், மாமி என்ற உரிமையில் ஏசுவார். இரண்டில் எது நடக்கிறது என்று பல வேளை எனக்கே விளங்காது.

டிஸ்பென்சரியில் இருந்த அப்போதிக்கரி இரண்டு தரம் போத்தலில் மருந்து கலந்து தந்தார். மறுபடியும் போனபோது, குழாயை அம்மாவின் முதுகில் வைத்து நெடுநேரம் கேட்டார்.

"மட்டக்களப்புக்குக் கொண்டு போய் நெஞ்ச எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வாங்க. கசமா இல்லையா எண்டு பாத்துப் போட்டுத்தான் இனி மருந்து" என்றார்.

கசம் என்றால் காசநோய். அந்தச் சொல்லை அந்த நாளில் வீட்டுக்குள் சத்தமாகச் சொல்ல மாட்டோம். நான் பயந்தது அதற்குத்தான். ஆனால் மற்றவர்கள் பயந்தது வேறொன்றுக்கு.

நான் வேலை செய்த அரிசி மில்லில் விஷயத்தைச் சொன்னதும், மூட்டை தூக்குகிற ஒருவர் சுமையை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"எக்ஸ்ரேயா? அது எலும்பு மட்டும் போற வெளிச்சம், தெரியுமா? தோலுக்கு ஒண்டும் தெரியாது. உள்ளுக்க அவிச்சுப் போடும், நம்ம பொயிலருக்க நெல்லு அவியிற மாதிரி."

"சும்மா இரு" என்றேன்.

"சும்மா இல்ல. என்ட மச்சினன் ஒருத்தன் காலுக்கு எடுத்தவன். இண்டைக்கு வரைக்கும் புள்ள இல்ல."

"அவன் இன்னும் கலியாணமே முடிக்கல்லயே" என்றார் தராசடியில் நின்றவர்.

"அதுக்கும் அதுதான் காரணம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீடு போகும் வழியில் அந்தச் சிரிப்பு என்னோடு வரவில்லை. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு வரை படித்தவன். எக்ஸ்ரேயைப் பற்றி எங்கள் புத்தகத்தில் ஒரு வரியும் இருந்ததில்லை. அந்த மூட்டைக்காரருக்குத் தெரிந்த அளவுதான் எனக்கும் தெரியும்.

வீட்டில் மச்சாள் எக்ஸ்ரே வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றார். "நெஞ்சுச் சளிக்கு வெளிச்சம் என்னத்துக்கு? ஆடாதோடை அவிச்சுக் குடுப்பம்" என்றார்.

"கசமா இருந்தா என்ன செய்யிற, மச்சாள்?"

அவர் தங்கச்சியைப் பார்த்தார். தங்கச்சி நிலத்தைப் பார்த்தாள். நோய்க்குப் பயந்து இரண்டு பேரும் வாயடைத்துப் போனார்கள் என்று எடுத்துக்கொண்டேன். என் பிடிவாதம்தான் வென்றது. மறுநாள் காலைப் பஸ்ஸில் அம்மாவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

ஆசுபத்திரியில் எக்ஸ்ரே அறை ஒரு நீண்ட விறாந்தையின் கடைசியில் இருந்தது. கனத்த கதவு. அதற்குள் கறுப்புத் திரை. படம் எடுக்கிறவர் மூக்குக்கண்ணாடி போட்ட, பேச்சில் யாழ்ப்பாணம் மணக்கிற மனிதர். அப்போதிக்கரி எழுதித் தந்த துண்டுச் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு அம்மாவை ஒருமுறை பார்த்தார். பிறகு, பெண்ணிடம் நேரே கேட்கக் கூச்சப்பட்டவராக என் பக்கம் திரும்பினார்.

"அவா முழுகாம இருக்கிறாவோ?"

பிள்ளை உண்டாகியிருக்கிறாளா என்று கேட்கிறார். "இல்ல ஐயா" என்றேன். யோசிக்கவே இல்லை. இருந்தால் எனக்குத் தெரியாமல் போகுமா?

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"இல்ல ஐயா. இருந்தா நான் சொல்ல மாட்டனா?"

அம்மா என் பின்னால் நின்றாள். அவர் அவளை உள்ளே கூட்டிப் போனார். கதவு மூடிக்கொண்டது. நான் விறாந்தையில் இருந்து முற்றத்து வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவுதான் எக்ஸ்ரே என்று நினைக்கும்படி சட்டென்று கதவு திறந்தது. ஆனால் வெளியே வந்த அம்மாவின் முகத்தில் இரத்தம் இல்லை. படத்தைக் கழுவிக் காய வைத்து டொக்டர் பார்க்க வேண்டும், நாளை மறுநாள் வாருங்கள் என்றார்கள்.

பஸ்ஸில் ஊர் வந்தோம். செங்கலடிச் சந்தியில் இறங்கி, சந்தைக் கூட்டம் கழிந்து, எங்கள் ஒழுங்கைப் பாதைக்குள் திரும்பிய பிறகுதான் அவள் நின்றாள்.

"இஞ்ச பாருங்க. நான் முழுகாமத்தான் இருக்கன்."

எனக்கு விளங்க நேரம் எடுத்தது. விளங்கியதும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே காரணம் தெரிந்துவிட்டது. அதற்கு முந்திய வருடமும் ஒன்று உண்டாகி, தங்காமல் போனது. அந்த முறை நான் சந்தோஷம் தாங்காமல் மில் முழுக்கக் கற்கண்டு கொடுத்துச் சொல்லியிருந்தேன். மூன்று மாதம் கழியும் முன் வாய்விட்டுச் சொன்னதால்தான் போனது என்று மச்சாள் முடிவு கட்டிவிட்டார். அவர்கள் வீட்டுப் பெண்களிடம் அப்படி ஒரு கட்டுப்பாடு உண்டு. மூன்று மாதம் வரை வெளியில் மூச்சு விடக் கூடாது. இந்த முறை அந்த 'வெளி'யில் என்னையும் சேர்த்துவிட்டார்கள்.

"அந்தாள் கேக்கக்குள்ள தலையையாவது ஆட்டியிருக்கலாமே, புள்ள."

"சொன்னா இதுவும் போயிரும் எண்டு பயந்தன். இப்ப பாத்தா..." அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "உள்ளுக்க என்ன செஞ்சாங்க எண்டு தெரியுமா? நெஞ்சைப் பலகையில அமத்தி நிக்கச் சொன்னாங்க. அதுக்கு முதல் இடுப்பச் சுத்தி ஒரு பாரமான சாமானக் கட்டினாரு. நனைஞ்ச சாக்கு மாதிரி, குளிர். அதுக்குள்ளால தான் வெளிச்சம் வயித்துக்க போயிருக்கு. மூச்ச இழுத்துப் பிடி எண்டு சொல்லிப்போட்டு அவரு சுவத்துக்குப் பின்னால ஓடி ஒளிச்சாரு. அவருக்கே அவ்வளவு பயம் எண்டா, உள்ளுக்க இருக்கிறதுக்கு எப்பிடி இருந்திருக்கும்?"

வீட்டுக்கு வந்ததும் அதையே தன் அக்காவிடமும் சொன்னாள்.

அன்று பின்னேரமே மச்சாள் முடிவோடு வந்தார். குறைப்பட்ட பிள்ளையைப் பெற்றுச் சீரழிவதை விட இப்போதே கழுவி விடுவது மேல். பக்கத்து ஊரில் நாட்டு மருந்து கொடுக்கிற ஒரு பரியாரி இருக்கிறார். மருந்தை வாங்கிக் கொடுத்தால் காரியம் முடியும். மச்சாள் இதைச் சொன்னபோது குரலில் கோபம் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். அழுதிருந்தார் என்று நினைக்கிறேன். அம்மா பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை.

"நாளைக்கு விடியப் போய் படம் எடுத்தவரிட்டையே கேப்பம். கேட்டுப் போட்டு முடிவெடுப்பம்" என்றேன்.

"கேட்டு என்ன செய்யப் போறீங்க, மச்சான்? விட்ட வெளிச்சத்தத் திருப்பி எடுத்துக் குடுப்பாங்களா?"

"எடுத்தவருக்குத் தெரியாதது பரியாரிக்குத் தெரியுமா?"

"நீங்க அவருக்கு முன்னால வாயத் திறக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும். நானும் வாறன்."

அது பகிடியா ஏச்சா என்று நான் ஆராயவில்லை. அவர் வருவதாகச் சொன்னதே போதும்.

மறுநாள் மூன்று பேருமாக அந்த விறாந்தையில் நின்றோம். கதவு திறந்ததும் நான் நடந்ததைச் சொன்னேன். அந்த மனிதர் ஏசவில்லை. கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"நேற்றுச் சொல்லியிருந்தா டொக்டரை ஒருக்காக் கேட்டுத்தான் எடுத்திருப்பன். உள்ளுக்கு வாங்கோ" என்றார்.

சுவரில் ஒரு கொக்கியில் கறுப்பு அங்கி போல ஒன்று தொங்கியது. அதை எடுத்து என் கையில் தந்தார். எதிர்பாராத கனம். கை கீழே இழுபட்டது.

"இதுதான் அவாவின்ரை இடுப்பிலை கட்டினது. உள்ளுக்கு ஈயம். இதாலை வெளிச்சம் போறேல்லை, இது மறிக்கிறது. பிள்ளை பெறுகிற வயசிலை ஆர் வந்தாலும் நான் கட்டித்தான் எடுக்கிறனான். இல்லையெண்டு சொன்னாலும் கட்டுவன்."

ஈயம் என்றதும் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது. வாவியில் வீசுகிற வலையின் விளிம்பில் கோக்கிற அதே ஈயம். இவ்வளவு கனத்தைத் துளைத்துப் போவது இலேசில்லை என்று என் கையே சொன்னது. அம்மா அங்கியைத் தொடவில்லை. தள்ளி நின்று பார்த்தாள். அவளை அந்த இரவு முழுக்கக் கலங்க வைத்த சாமான் அதுதான்.

மச்சாள் விடவில்லை. "அப்பிடி ஒண்டும் செய்யாத வெளிச்சம் எண்டா, நீங்க ஏன் சுவத்துக்குப் பின்னால போய் ஒளிச்ச?"

நான் மச்சாளை விலக்கப் பார்த்தேன். படம் எடுக்கிறவர் சிரித்துவிட்டார்.

"ஒண்டும் செய்யாது எண்டு நான் சொல்லேல்லை, அக்கா. உங்கடை தங்கச்சி இண்டைக்கு வந்தா பிறகு எப்ப வருவாவோ. நான் ஒவ்வொரு நாளும் இஞ்சைதான். வாற ஆக்களுக்கெல்லாம் விடுறதை எல்லாம் நானும் வாங்கிக்கொண்டு நிண்டா, என்ரை கதி என்ன?"

மச்சாள் என் பக்கம் கையைக் காட்டினார். "எங்கட மச்சான் மில்லில உமித் தூசி தின்னுற மாதிரி" என்றார். "ஒரு நாள் போய் வாறவனுக்குத் தும்மலோட போயிரும்."

"அப்பிடித்தான்."

அந்த ஒரு பேச்சில் எனக்கு விளங்கியது, அதற்கு முன் மில்லில் நடந்த எந்த விவாதத்திலும் விளங்கவில்லை. பயம் சும்மா வந்ததல்ல. அந்த வெளிச்சத்துக்கு அளவு உண்டு, மறைப்பும் உண்டு. அதை அறிந்தவர்கள் தங்களுக்கும் மறைப்பு வைத்து, எங்களுக்கும் கட்டி விடுகிறார்கள்.

அவரே எங்களை டொக்டரிடம் கூட்டிப் போனார். டொக்டர் இளவயதுக்காரர். படம் அப்போதே காய்ந்து வந்திருந்தது. அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கசம் இல்ல. பழைய சளிக்காய்ச்சல் ஒண்டு முழுசா ஆறாம நிக்குது. ஊசி போட்டா மாறும்" என்றார்.

எனக்கு அதுவே போதுமாக இருந்தது. ஆனால் அம்மா அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. டொக்டர் பிள்ளையின் விஷயத்துக்கு வந்தார்.

"எந்தப் புள்ளையும் குறையில்லாமப் பிறக்கும் எண்டு நான் எழுதித் தர ஏலாது, அது எக்ஸ்ரே எடுக்காத தாய்க்கும் சேத்துத்தான். ஆனா நெஞ்சுக்கு எடுத்த ஒரு படம், அதுவும் ஈயம் கட்டி எடுத்தது. இதுக்காகக் கலைக்கிற மருந்து குடிச்சா, அதுதான் ரெண்டு பேருக்கும் ஆபத்து. புள்ள பிறக்கிற வரைக்கும் இனி அவசியம் இல்லாம எடுக்க மாட்டம்."

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். "ஐயா, அந்தப் படத்தில புள்ள தெரியுதா?"

டொக்டர் படத்தை அவளிடம் கொடுத்தார். "நீங்களே பாருங்க. இது கழுத்து. இது விலா எலும்பு. இது இருதயம். இஞ்ச படம் முடியுது."

அம்மா அதை யன்னல் பக்கம் பிடித்தாள். விலா எலும்புகள் வெள்ளை வெள்ளையாக ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கி, வயிறு தொடங்குகிற இடத்தில் படத்தின் ஓரம் வந்துவிட்டது. அவள் அந்த ஓரத்தில் விரலை வைத்தாள். அதற்குக் கீழே வெறும் யன்னல்தான் இருந்தது. நெடுநேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மச்சாளைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னாள்:

"நான் அந்த மருந்து குடிக்க மாட்டன், அக்கா."

"ஆரு குடிக்கச் சொன்ன?" என்றார் மச்சாள்.

ஊசியில் இருமல் போய்விட்டது. பயம் அப்படி ஒரேயடியாகப் போய்விடவில்லை. மூன்று மாதம் கழிந்து ஊருக்குச் சொன்ன பிறகு, வருகிறவர்களில் யாராவது ஒருவர் எக்ஸ்ரேப் பேச்சை எடுப்பார். அம்மா கையை நெஞ்சுக்குக் கீழே குறுக்கே வைத்து, "படம் இதோட சரி" என்று காட்டுவாள். காட்டிவிட்டு, சரிதானே என்று என்னைப் பார்ப்பாள். சில நாள் இரண்டு தரம் பார்ப்பாள். வயிற்றில் பிள்ளை துடிக்கத் தொடங்கிய பிறகு அந்தப் பார்வை குறைந்தது. ஒவ்வொரு துடிப்பையும் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். இந்த முறை என்னை வெளியாள் ஆக்கவில்லை.

ஆவணியில், கச்சான் காற்று ஓயத் தொடங்கிய ஒரு காலையில் உங்களில் மூத்தவள் பிறந்தாள். மருத்துவிச்சி குளிப்பாட்டிக் கொடுத்ததும் முதலில் வாங்கியவர் மச்சாள்தான். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து துணியை விலக்கினார். காலைப் பார்த்தார், கையைப் பார்த்தார். கண் இமையை மெல்லத் தூக்கிப் பார்த்தார். புரட்டி முதுகைப் பார்த்தார். பிள்ளை வளவு முழுக்கக் கேட்கும்படி அழுதது. நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து அம்மா, "என்னக்கா, என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மச்சாள் துணியைச் சுற்றி, பிள்ளையை என் கையில் வைத்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு, மச்சான். மூக்கு மட்டும் கொஞ்சம் சப்பை. அது உங்கட மூக்கு. அதுக்கு எக்ஸ்ரேயக் குறை சொல்ல ஏலாது."