கதவோரத்து நாற்காலி

கர்த்தருக்கு நன்றி சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போன நவம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை அது என் சட்டைப் பையில் இருந்தது. 'சொந்தக் காரணங்களால் என் மகளைப் பள்ளியிலிருந்து விலக்கிக்கொள்கிறேன், டி.சி. தரவும்.' எழுதியவன் நான். கையெழுத்து மட்டும் பாக்கி.

என் மகள் ஷீபாவுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம். வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்வாள். ஆனால் குட் மார்னிங் சொன்னால் பதில் வராது, தனக்குள் ஏதாவது முனகிக்கொண்டே இருப்பாள், திடீர்ச் சத்தம் ஆகாது. ஜூனில் மூன்றாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரம், எலெக்ட்ரிக் பெல் அடிக்கும்போதெல்லாம் அலறினாள். பிறகு நின்றுவிட்டது. "பழகிட்டா சார்" என்றார் டீச்சர். நாங்களும் நம்பினோம்.

செப்டம்பரில் பிரின்சிபல் கூப்பிட்டார். இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா? நான் உடனே காய்ச்சல் என்று லீவ் லெட்டர் கொடுத்தேன். மத்திய அரசு நிறுவனத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கடிதம் எழுதுகிறவன். பொய்யைக்கூட மார்ஜின் விட்டுத்தான் எழுதுவேன். விளையாட்டு விழா அன்றும் காய்ச்சல், போட்டோ எடுக்கும் நாளிலும் காய்ச்சல். தெர்மாமீட்டருக்குத் தெரியாமல் என் மகளுக்கு நான் வரவழைத்த காய்ச்சல்கள் மூன்று.

தசரா விடுமுறை முடிந்த பிறகு ஒருநாள், மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸைக் கொடுக்கப் பள்ளிக்குப் போனேன். வகுப்பில் அவள் இல்லை. கதவுக்கு வெளியே, ஷூ ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முனகல் மற்றவர்களுக்குத் தொந்தரவாம். அவள் தலைக்கு நேர்மேலே பெல். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அடித்தது. ஷீபா அலறி, நாற்காலியோடு சாய்ந்தாள். ஓடிப்போய்ப் பிடித்தேன். டீச்சர் வெளியே வந்தார். "சூசாரா சார்? டெய்லி இதே." பார்த்தீர்களா என்று தெலுங்கில் என்னையே சாட்சிக்கு இழுத்தார்.

அடுத்த வாரம் பிரின்சிபல் ஒரு மனுவை நீட்டினார். கீழே பெற்றோர்கள் கையெழுத்து, இரண்டு பக்கம். "மத்த பிள்ளைங்களுக்கு இவ பாரம். நீங்களே எழுதிக் கொடுத்துட்டா ரெக்கார்டு சுத்தமா இருக்கும். திங்கட்கிழமை வரைக்கும் டைம்."

மூன்று பள்ளிகளுக்கு போன் செய்தேன். ஆட்டிசம் என்ற சொல் வரும்வரை இடம் இருந்தது.

சனிக்கிழமை இரண்டு தாள்கள் எழுதினேன். ஒன்று அந்த டி.சி. கடிதம். இன்னொன்று ஆலயத்தின் ஜெப விண்ணப்பச் சீட்டு: 'ஷீபா யாருக்கும் தொந்தரவில்லாமல் அமைதியாக இருக்க ஜெபிக்கவும்.'

மறுநாள் செகந்திராபாத் ஆலயத்தில் போதகர் சீட்டுகளை வாசித்தார். "ஷீபாவின் பள்ளிக்கூடத்துக்கு நல்ல மனசு வரவும், அவள் அப்பாவுக்குத் தைரியம் வரவும் ஜெபிப்போம்." சபை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. நான் என் மனைவி மெர்லினைப் பார்த்தேன்.

"நீங்க எழுதினது ஜெபமே இல்லங்க, லீவ் லெட்டர். கிழிச்சுட்டேன்" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

திங்கட்கிழமை பிரின்சிபல் அறையில் எங்களுக்கு முன்பே ஒருவர் உட்கார்ந்திருந்தார். யாதகிரி. போவன்பள்ளி மார்க்கெட்டில் தக்காளி மொத்த வியாபாரி. அவர் மகள் ஸ்ரவந்தி ஷீபாவின் வகுப்பு. மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. மற்ற பெற்றோர் சார்பில் பேச வரவழைத்திருந்தார்கள்.

நான் கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். பேனாவைத் திறந்தேன். மெர்லின் என்னைப் பார்க்கவில்லை, பேனாவைப் பார்த்தாள். 'ஆண்டவரே' என்றேன் மனதுக்குள்; மேற்கொண்டு வார்த்தை வரவில்லை. மை வந்தது. வராமல் இருந்திருந்தால் அதையே அற்புதம் என்று சொல்லியிருப்பேன். முதல் எழுத்தைப் போட்டுவிட்டேன்.

"நக்கோ சார், போடாதீங்க" என்றார் யாதகிரி. தெலுங்கும் உருதுவும் கலந்து அவர் பேசியதை என் தமிழில் தருகிறேன். "மேடம், என் கையெழுத்தை அடிச்சுடுங்க."

"நீங்கதானே முதல்ல போட்டீங்க?"

"போட்டேன். குரூப்ல எல்லாரும் போடறேன்னாங்க. வீட்டுக்குப் போனா என் பொண்ணு, ஏன் போட்டீங்க, ஏன் போட்டீங்கன்னு ஒரே அழுகை. மூணு நாளா என்கூடப் பேச்சில்ல. தசரா வரைக்கும் இந்தப் பாப்பா பக்கத்துல அவதான் உட்கார்ந்தா. கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே இருப்பாளாம். பெல் அடிக்கப் போகுதுன்னா மூணு விரல் காட்டுவா. மூணு, ரெண்டு, ஒண்ணு. பாப்பா காதைப் பொத்திக்கும். அப்ப கத்திச்சான்னு டீச்சரைக் கேளுங்க மேடம்."

டீச்சர் வந்தார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இல்ல மேடம். வெளியே உட்கார வச்சப்புறம்தான்."

மெர்லின் கடிதத்தை எடுத்தாள். கிழிப்பதில் அவளுக்கு ஏற்கெனவே ஒருநாள் அனுபவம் இருந்தது.

அப்போது எனக்கு வாய் திறந்தது. "அவளை அதே பெஞ்சில் உட்கார வையுங்க மேடம். இனிமே எங்க வீட்டுல யாருக்கும் காய்ச்சல் வராது."

"பார்க்கலாம்" என்றார் பிரின்சிபல். மறுநாள் ஷீபா ஸ்ரவந்தி பக்கத்தில் இருந்தாள். அலறல் நின்றது. பள்ளிக்கூடம் பரலோகமாகிவிடவில்லை, புகார் போன் இன்னும் வருகிறது. நான் இப்போது நாற்காலி நுனியில் உட்காராமல் பதில் சொல்கிறேன்.

ஆண்டவர் அதோடு என்னை விடவில்லை. அடுத்த ஞாயிறு ஆலயத்தில் எங்கள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். கடைசி வரிசை, கதவோரம். டிரம்ஸ் தொடங்கினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வசதி என்று நானே பார்த்துப் பிடித்த இடம். பள்ளிக்கூடம் ஒரு மாதம் செய்ததை நான் மூன்று வருடமாகச் செய்துகொண்டிருந்தேன். அன்றே எழுந்து முன்னால் போனோம். டிரம்ஸ் வாசிக்கும் தம்பியிடம் சொல்லிவைத்தேன். இப்போது ஒவ்வொரு பாட்டுக்கும் முன் அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு மூன்று விரல் காட்டுகிறார்.

என்னைப் போலச் சட்டைப் பையில் ஒரு கடிதத்தோடு யாராவது இருந்தால், கையெழுத்துக்கு முன் ஜெபியுங்கள். கேட்கத் தெரியாமல் கேட்டாலும் அவர் கேட்கிறார். என் சீட்டு கிழிந்தும் கேட்டார். பிறகு எங்கள் வரிசைக்கு வாருங்கள், இரண்டு இடம் காலி. பாட்டுக்கு முன் நீங்களும் மூன்று விரல் காட்டினால் போதும். ஷீபா ஆமென் மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வாள். அப்போது நீங்கள் காதைப் பொத்திக்கொள்ளலாம்.