டிரைவர் கேட்ட படம்

அவர் குடியிருந்த மாடிக் கட்டடத்தில் இருந்தவர்கள் அவரைப் 'பல்லி' என்றுதான் கூப்பிட்டார்கள். பழிப்பாக அல்ல. கேமராவோடு ஒரு வீட்டுக்குள் வந்து மூலையில் ஒட்டிக்கொண்டால், ஆள் இருப்பதே தெரியாது. எப்போதாவது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். "பல்லி சொல்லுது, நல்ல காரியந்தான் போல" என்று சிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.

கடைத்தெருவில் ஒரு ஸ்டூடியோவில் அவருக்கு வேலை. அடையாள அட்டைக்கும் விண்ணப்பத்துக்கும் படம் எடுப்பது. காலையிலிருந்து சாயங்காலம் வரை "தாடையை இறக்குங்க, தோளை நேரா வைங்க, கண்ணை மூடாதீங்க" என்று சொல்லிச் சொல்லி வாய் வறண்டுபோகும். அப்படிப்பட்டவர் வீடு வீடாகப் போய் யாரையும் நிற்கச் சொல்லாமல் படம் எடுக்கத் தொடங்கியதற்கு ஒரு பெண்தான் காரணம். புருஷன் இறந்த மறுநாள், அவர் படத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லி வந்திருந்தாள். இரவல் கோட்டும் இறுக்கிய உதடுமாக ஒரு மனிதர். பிரிண்ட் கைக்கு வந்ததும் வெகுநேரம் பார்த்துவிட்டு, "அண்ணா, இது யாரோ மாதிரி இருக்கே. எங்க வீட்ல இருந்தவரு இப்படி இருக்க மாட்டாரு" என்றாள். வேறு படம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. அவள் அந்த யாரோ ஒருவரைத்தான் எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த விடுமுறை நாளில் முதலில் தன் மனைவியை எடுத்தார். ஈரத்தலையை உதறிக்கொண்டே அவரைத் திட்டிக்கொண்டிருக்கிற மாதிரி. "ஊருல இருக்கறவன் பொண்டாட்டிய அழகா எடுப்பான், எனக்கு வாய்ச்சது இப்படி" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அந்தப் படத்தை அழிக்க விடவில்லை. பிறகு மாடி மாடியாக, கேட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் போனார். காசு வாங்கவில்லை.

கீழ்த்தளத்தில் லாரி டிரைவரின் குடும்பம். டிரைவர் பாதி நாள் வெளியூர் லோடில் இருப்பார். மனைவி பள்ளிச் சீருடை தைப்பவர். மூத்தவன் பையன், இளையவள் பெண். அந்த வீட்டில் அவர் நிறைய எடுத்திருந்தார். மூக்கு நுனியில் கண்ணாடியும் பல்லில் நூலுமாக அந்தம்மா. வெட்டித் தள்ளிய துணிக்குவியலில் வாய் பிளந்து தூங்கும் பையன். விழுந்த பல்லின் இடத்தில் நாக்கை நீட்டிக் காட்டும் பெண்.

டிரைவர் வீட்டில் இருந்த நாளில் ஒரே ஒரு முறைதான் பல்லி அங்கே போனார். அன்றைக்குப் பையன் அப்பாவின் செல்போனைக் கீழே போட்டு உடைத்துவிட்டான். டிரைவர் கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார், மனைவி குறுக்கே வந்தார், 'டிக்' என்றது.

"யோவ், என்னய்யா எடுக்கற? என் வீட்டுச் சண்டை உனக்கு வேடிக்கையா?"

கேமராவின் பின்பக்கத்தில் படத்தைப் பார்த்த மனைவி சிரித்தே விட்டார். "நாங்க தினமும் பாக்கற மூஞ்சிதானே? நீங்களும் ஒரு தடவை பாத்துக்கங்க."

டிரைவர் பார்க்கவில்லை. "இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காதே" என்றார். அந்த வாரமே குடும்பத்தை வேறொரு ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போய், நீர்வீழ்ச்சி வரைந்த திரைக்கு முன்னால் நால்வரையும் நிற்க வைத்துப் படம் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டினார். பல்லி அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை.

அந்த மழைக்காலத்தில் பக்கத்து மனையில் யாரோ பெரிய கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மாடிப்படி ஓரத்தில் விரிசல் விட்டது. வீட்டுக்காரரிடம் சொன்னார்கள், சிமெண்ட் வைத்துப் பூசினார். ஒரு நாள் காலை, பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில், கட்டடம் ஒரு பக்கமாகச் சரிந்து கீழ்த்தளத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது.

பல்லி அப்போதுதான் தோளில் கேமராவோடு ஸ்டூடியோவின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி கம்பெனி வேலைக்குப் போய்விட்டிருந்தாள். இரண்டு பேரும் ஓடி வந்தபோது தெரு முழுக்கப் புழுதி. எதிரே நிற்பவர் முகம் தெரியவில்லை. டிரைவர் வந்துசேர்ந்தது மறுநாள். லாரியை நடுத்தெருவில் அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்தார். மனைவி, பிள்ளைகள் மூன்று பேரையும் அதற்கு முன்பே இடிபாட்டிலிருந்து எடுத்திருந்தார்கள். மூடிய துணியை விலக்க வேண்டாம் என்று கூட இருந்தவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாளில், டிரைவர் ஸ்டூடியோவுக்கு வந்தார். கையில் அந்த நீர்வீழ்ச்சிப் படம். கண்ணாடி உடைந்து, ஒரு மூலை நனைந்திருந்தது. பெரிதாக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து பல்லி கையை நீட்டினார். டிரைவர் கொடுக்கவில்லை.

"இதுல என் பொண்ணு வாயை மூடிட்டு நிக்குது. பல்லு இல்லாம அசிங்கமா இருக்கும்னு நான்தான் மூடச் சொன்னேன். அவ அம்மா கண்ணாடியையும் நான்தான் கழட்டச் சொன்னேன். கண்ணாடி இல்லாம அவளுக்கு எதிர்ல நிக்கற ஆளே தெரியாது. யாரைப் பாக்கறான்னே தெரியாம பாத்துட்டு நிக்கறா." படத்தைக் கவிழ்த்து மேசை மேல் வைத்தார். "உங்ககிட்ட இருக்குமா?"

படங்களெல்லாம் ஸ்டூடியோக் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. ஆனால் முந்தின நாள்தான் பல்லியின் மனைவி சொல்லியிருந்தாள்: "அந்த மனுஷன் எப்படியும் வருவாரு. கையை ஓங்கற படத்தை அழிச்சிருங்க. வெந்த புண்ணுல வேல் பாய்ச்சாதீங்க." அவரால் அழிக்க முடியவில்லை. அதை மட்டும் தாண்டிப் போய்விடலாம் என்று முடிவு செய்திருந்தார்.

ஒவ்வொன்றாகக் காட்டினார். நூல், கண்ணாடி, துணிக்குவியல், நாக்கு. டிரைவர் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பெண் சுவரில் கரியால் கிறுக்கியிருந்ததைப் பார்த்து, "இது எப்போ? நான் பாக்கலியே" என்றார். மனைவி கதவில் சாய்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு படத்தில் நின்றார். "இங்க நின்னு எதைப் பாக்கறா?"

"நீங்க வர்ற நாள்னு சொன்னாங்க."

டிரைவர் அந்தப் படத்தைத் தொட்டுவிட்டு அடுத்ததைக் காட்டச் சொன்னார். எல்லாம் முடிந்ததும் கேட்டார். "இன்னொண்ணு இருந்துச்சே. நான் கத்தினது."

"அது வேணாம், அண்ணே."

"காட்டுங்க."

காட்டினார். ஓங்கிய கை. நடுவில் மனைவியின் முதுகு. அவள் இடுப்புக்குப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்க்கும் பையனின் முகம்; பயந்த முகம், ஆனால் அப்பாவையே பார்க்கிற முகம். ஓரத்தில் அந்தப் பெண், நடப்பது எதுவும் தன்னைச் சேர்ந்ததல்ல என்பதுபோல ஒரு காலில் மட்டும் செருப்பைப் போட்டுக்கொண்டு.

வெளியே ஒருவர் அடையாள அட்டைப் படத்துக்காகக் காத்திருந்தார். கதவைத் தட்டிவிட்டு, உள்ளே பார்த்ததும் தானாகவே திரும்பிப் போனார்.

"மத்ததுல எதுலயும் நான் இல்ல" என்றார் டிரைவர். "நல்லா இருக்கற படத்துல எல்லாம் நான் இல்ல. அவங்களோட நான் இருக்கறது இந்த ரெண்டுதான். அந்த அருவிப் படத்துல நாங்க இல்ல, வேற யாரோ நாலு பேரு. இதுலதான் இருக்கோம். போட்டுக் குடுங்க."

"வீட்ல வெச்சுப் பாத்தா தாங்குமா?"

"தாங்காது. குடுங்க."

எல்லாவற்றையும் பிரிண்ட் போட்டு ஒரு உறையில் வைத்துக் கொடுத்தார். நீர்வீழ்ச்சிப் படத்தை டிரைவர் மேசை மேலேயே விட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் லாரி ஓட்டவில்லை. தம்பி வீட்டோடு போய்விட்டார் என்றார்கள். அங்கே யாரோடும் பேசுவதில்லை, உறையை மட்டும் யாரையும் தொட விடுவதில்லை என்றும் சொன்னார்கள். பல்லிக்கு அவரைப் போய்ப் பார்க்கும் தைரியம் வரவில்லை.

செய்தி பரவி, அந்தக் கட்டடத்தில் ஆளைப் பறிகொடுத்த இன்னும் சிலர் வந்தார்கள். தங்கள் வீட்டுக்குள் அவர் வந்ததே இல்லை என்றாலும், வேறு யார் படத்திலாவது பின்னால், படிக்கட்டில், குழாயடியில் தங்கள் ஆள் நிற்கிறாரா என்று தேடினார்கள். சிலருக்கு ஒரு தோள் கிடைத்தது. சிலருக்கு அதுவும் இல்லை.

புதிதாகக் குடிபோன இடத்தில் கதை வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. "அந்த ஆளு படம் எடுத்த வீடு ஒண்ணுகூட மிஞ்சல. பல்லி சொன்ன பலன் அப்படி" என்றார்கள். அவர் படியேறி வந்தால் கதவைச் சாத்தினார்கள். குழந்தைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அவர் மனைவி அதைக் கேட்டு ஒருத்தியோடு சண்டைக்கே போய்விட்டாள். அவர் கேமராவைத் துணியில் சுற்றி அலமாரி மேல் வைத்துவிட்டார்.

மழை விட்டு வெகுநாள் ஆன பிறகு, அதே புது இடத்தில் மேல்மாடியில் குடியிருந்த ஒரு பெண் அவர்கள் வாசலில் வந்து நின்றாள். அவள் தங்கைக்கு உடம்பு சரியில்லை. இனி சரியாகாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

"எல்லாரும் உங்களைக் கூப்பிடக் கூடாதுங்கறாங்க" என்றாள். "எங்க வீட்டுக்கு வரவேண்டியது ஏற்கெனவே வந்தாச்சு, அண்ணா. அவ இன்னிக்குக் கொஞ்சம் எழுந்து உக்காந்திருக்கா. என்னைத் திட்டிட்டே இருக்கா, தலையை இழுத்து இழுத்துச் சீவறேன்னு. வீடு அலங்கோலமாத்தான் கிடக்கு. ஒதுங்க வைக்கட்டுமா?"

பல்லி தன் மனைவியைப் பார்த்தார். அவள் ஸ்டூலைப் போட்டு ஏறி, அலமாரி மேலிருந்த துணிமூட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"வேணாம்மா" என்றார் அவர். "அப்படியே இருக்கட்டும். நீங்க போய்ச் சீவுங்க, நான் வர்றேன்."