எறாவும் வெள்ளைப் பூவும்

இதை எழுத வேண்டும் என்று நினைத்தே பல வருஷங்களை ஓட்டிவிட்டேன். பேனாவை எடுப்பேன். சுவரில் இருக்கும் அம்மன் படத்தைப் பார்ப்பேன். மூடி வைத்துவிடுவேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான், ஆனால் பயம் எழுத்துப் பிழைக்கு அல்ல, செய்த காரியத்துக்கு. போன மாதம் எங்கள் குப்பத்தில் ஒன்று நடந்தது. அதற்குப் பிறகும் வாயை மூடிக்கொண்டிருப்பது பாவம் என்று பட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். காலடிப்பேட்டைக்குக் கிழக்கே கடலோரம் எங்கள் வீடு. வீட்டுக்காரர் கட்டுமரத்தில் மீன் பிடிக்கப் போகிறவர். ஒரே மகள், அப்போது அவளுக்கு ஆறு வயது. நன்றாக விளையாடிக்கொண்டிருப்பாள். திடீரென்று உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகத் தடிக்கும். உதடு வீங்கும். சில சமயம் மார்பில் பூனைக்குட்டி கத்துவது போல இழுப்பும் சேர்ந்துகொள்ளும்.

"காணாக்கடி" என்றார்கள். கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்தால் வருவதாம். நான் பாயை உதறினேன், கூரையில் புகை போட்டேன், மூலை முடுக்கெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். பூச்சி மட்டும் அகப்படவில்லை.

முதலில் குப்பத்துப் பூசாரி வேப்பிலையால் மந்திரித்தார். ஒரு மண்டலம் பத்தியம் சொன்னார்: மீன், கருவாடு, எறா என்று நாங்கள் சொல்லும் இறால், நண்டு, கத்திரிக்காய் எதுவும் கூடாது. பத்தே நாளில் பிள்ளை பளிச்சென்று ஆகிவிட்டாள். அடுத்த வீட்டில் இருந்த என் நாத்தனார் கூடையில் மீன் சுமந்து விற்பவள். அவளுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஊரு பூரா மீனு குட்த்துகினு வரேன், என் தம்பி பொண்ணு ரசஞ்சோறு துன்னுகினு கீது. ஐயிரு வூட்ல பொறக்க வேண்டியது, வழி தெரியாம இங்க வந்துட்ச்சிமே!" என்பாள்.

மண்டலம் முடிந்த அன்று வீட்டுக்காரர் எண்ணூர் முகத்துவாரத்து எறா கொண்டுவந்தார். மெலிந்த உடம்பு தேற வேண்டுமென்று எறாவைப் போட்டுத்தான் பத்தியம் முறிப்போம். அது எங்கள் பக்கத்து வழக்கம். பிள்ளை விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டாள். கை கழுவுவதற்குள் உதடு வீங்கிவிட்டது.

"பூச்சி திரும்பி வந்துட்ச்சி!" என்று அலறினோம். எறாவை ஒருவரும் சந்தேகப்படவில்லை. கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு எறா ஒரு பண்டமா என்ன? மூச்சு விடும் காற்றை யாராவது சந்தேகப்படுவார்களா?

அடுத்து தேரடி வைத்தியர். தார் மாதிரி கறுப்பாக ஒரு லேகியம் கொடுத்தார். அதற்கும் ஒரு மண்டலம், அதே பத்தியம். மறுபடியும் பிள்ளை தேறினாள். மறுபடியும் எறா. இந்தத் தடவை மூச்சே அடைத்துக்கொண்டது. வீட்டுக்காரர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஊசி போட்டார்கள். டாக்டர் என்னைக் கேட்டார், "குழந்தை என்ன சாப்பிட்டது?"

"ஒன்னும் துன்னலீங்க சாமி" என்றேன். தெய்வத்துக்குப் பொதுவாகச் சொல்கிறேன், பொய் சொல்ல நினைக்கவில்லை. எறாவை நான் சாப்பாட்டிலேயே சேர்க்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் வீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தால் ஆடி வெள்ளியில் அம்மனுக்கு எறாச் சோறு படைத்து, முதல் கவளத்தைப் பிள்ளை வாயில் போட்டு, பிறகு தெருவுக்கே சோறு போடுவதாக வேண்டுதல்.

பிள்ளை பிழைத்தாள். ஆடிக்குள் முழுக்கச் சரியாக வேண்டுமே என்று ராயபுரத்தில் ஒரு ஹக்கீம் பாயிடம் நானும் நாத்தனாரும் அவளைக் கூட்டிப்போனோம். பாய் நாடி பார்த்தார். கண்ணை மூடினார். "இது எங்க பரம்பரை மருந்து. பத்தியம் ரொம்ப முக்கியம். முதல்ல மீன்..." என்று ஆரம்பித்தார்.

"கருவாடு, எறா, நண்டு, கத்திரிக்கா" என்று என் மகள் முடித்துவைத்தாள்.

பாய் கண்ணைத் திறந்து, "இன்னாம்மா, உங்க வூட்லயும் யாராவது ஹக்கீம் கீறாங்களா?" என்று சிரித்துவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் என் மடியில் உட்கார்ந்திருந்தவள் காதோடு சொன்னாள்: "எம்மா, அடிக்க மாட்டியே? அந்தக் கறுப்பு மருந்த நான் துன்னவே இல்ல. கோழிக்குத்தான் போட்டேன்."

"அடிப்பாவி! அதான் உன் கோழி அப்படி மினுமினுன்னு கீதா?" என்று நாத்தனார் பஸ்ஸே திரும்பிப் பார்க்கச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மருந்தைக் கோழி தின்றது, பிள்ளைக்கு எப்படிக் குணமானது?

பத்தியம்தான்.

வீட்டுக்கு வந்து பாய் சூரணத்தைப் பரணில் வைத்தேன். கத்திரிக்காய் கொடுத்துப் பார்த்தேன், ஒன்றும் செய்யவில்லை. சங்கரா மீன் கொடுத்தேன், அதுவும் செய்யவில்லை. ஒரு நாள் நாத்தனார் எறா உரிக்கும்போது பிள்ளையும் விளையாட்டாகக் கூட உட்கார்ந்து நாலு எறா உரித்தாள். உரித்த விரல்களெல்லாம் தடித்துச் சிவந்தன. பூச்சி எதுவென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் முகம் செத்துப்போயிற்று.

"இன்னாமே சொல்ற? கடலம்மா குடுக்கறது என் பொண்ணுக்கு ஆவாதா? நான் இன்னா பாவம் பண்ணேன்? வேண்டிக்கினது வேண்டிக்கினதுதான். அம்மன் கையால குட்த்தா ஒன்னும் ஆவாது."

நானும் சாமிக்குப் பயந்தவள்தான். செவ்வாய், வெள்ளி விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன். ஆனால் அந்தப் பூனைக்குட்டிச் சத்தம் என் காதில் இருந்தது. ஒரு கவளம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

"அப்போ பூ கேக்கலாம்" என்றேன். சிவப்புப் பூ ஒரு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்திலும் வைத்துக் கட்டி, அம்மன் காலடியில் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது வழக்கம். வெள்ளை வந்தால் பிள்ளைக்குக் கவளம் வேண்டாம். சிவப்பு வந்தால் கொடுத்தே ஆக வேண்டும். அவரும் ஒப்புக்கொண்டார்.

பொட்டலம் கட்டியது நான். இரண்டிலும் வெள்ளைப் பூவையே வைத்தேன். இத்தனை வருஷம் நான் எழுதத் தயங்கியது இதற்காகத்தான். "தாயே, தண்டனை எனக்கு, மூச்சு அவளுக்கு" என்று சொல்லிக்கொண்டே நூலைச் சுற்றினேன்.

ஆடி வெள்ளியன்று மேளம் அடித்தார்கள். என் மகளே எடுத்தாள். வெள்ளை. குப்பமே குலவையிட்டது. வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் கவளத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். பிள்ளை சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டாள். மிச்சப் பொட்டலத்தைப் பிரிக்காமல் கடலில் விட வேண்டும். அதை அவரே எடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குள் எறா வரவில்லை.

மகள் வளர்ந்தாள். பேசின் பிரிட்ஜில் வேலை பார்த்த மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்தோம். கல்யாணம் முடிந்த மறுநாள் மனசு தாங்காமல் வீட்டுக்காரரிடம் உண்மையைக் கக்கிவிட்டேன்.

அவர் வலையை முடிந்துகொண்டே, "அது அன்னிக்கே தெரியும்மே. கடல்ல போடறதுக்கு முன்னாடி பிரிச்சிப் பாத்தேன்" என்றார்.

"பொட்டலத்தப் பிரிக்கக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு?"

"ரெண்டுலயும் வெள்ள வெக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

இரண்டு பேரும் அன்று சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டு நாத்தனார் கரண்டியோடு ஓடிவந்தாள். அவளிடம் மட்டும் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

இனி போன மாதத்துக் கதை. எங்கள் தெருவில் ஒரு சின்னப் பெண். அவள் மகனுக்கும் எறா சாப்பிட்டால் அதே தடிப்பு. என் மகளுக்கு அம்மன் வெள்ளைப் பூ கொடுத்த கதையை யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவளும் எறா கொடுக்கலாமா என்று பூ கேட்டாள். சிவப்பு வந்தது. எறா கொடுத்தாள். பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓட்டம். அம்மன் புண்ணியத்தில் பையன் பிழைத்துக்கொண்டான். அவள் என்னிடம் வந்து, "உங்களுக்கு மட்டும் வெள்ள குட்த்தாளே ஆயா, எனக்கு ஏன் குடுக்கல?" என்று அழுதாள். இரண்டு பொட்டலத்துக் கதையை அவளிடம் சொன்னேன். வாயைப் பிளந்து பார்த்தாள். பிறகு அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டாள்.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். குழந்தைக்குச் சாப்பிடுவது ஏதாவது ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்று தவிக்கிற வீட்டுக்கு இதைச் சொல்லுங்கள். கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். கோழி மருந்து தின்றதையும் சொல்லுங்கள், டாக்டரிடம் நான் எறாவைச் சொல்லாமல் விட்ட மடத்தனத்தையும் சொல்லுங்கள். அம்மன் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை, என் மகள் இன்று பேரன் எடுத்துவிட்டாள். என்மேல் இரக்கப்பட்டு, சொல்லும்போது ஒரு பொட்டலத்தை மட்டும் சிவப்பாக்கிவிடாதீர்கள்.