கவரில் வந்தது கால் எலும்பு

நெதர்லாந்தில் யாரும் ஜன்னல் திரையை இழுத்து மூடுவதில்லை. வந்த புதிதில், வேலை முடிந்து நடந்து வரும்போது, தெருவை ஒட்டிய வீடுகளுக்குள் அவர்கள் சாப்பிடுவதும் சண்டை போடுவதும் டிவி முன்னால் தூங்கி விழுவதும் பளிச்சென்று தெரியும். எனக்குத்தான் கூச்சமாக இருக்கும். ஆய்வகத்தில் என் பக்கத்து மேஜையில் வேலை செய்யும் மாரைக்கேயிடம் ஒருநாள் காரணம் கேட்டேன். "மறைக்க ஒன்றுமில்லையென்றால் எதற்குத் திரை?" என்றாள். பதின்மூன்று வருடம் ஆகிறது. இன்றுவரை அந்தப் பதிலை நான் நம்பவில்லை. இவ்வளவு காட்டுகிறவர்கள் எதையோ உள்ளறையில் வைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். என் வீட்டில் திரை உண்டு. எங்கள் தெருவிலேயே சந்தேகத்துக்குரிய வீடு அதுதான்.

சந்தேகப் புத்தி எனக்குப் பிறந்த வீட்டுச் சீதனம். கிணத்துக்கடவில் என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோப்பில் கூலிக்குப் போனவர்கள். யாராவது காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் அப்பா என்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார். நான் வரி விடாமல் படித்துச் சொன்ன பிறகும் பேனாவைத் தொடமாட்டார். "எதுக்கும் நாளைக்கு வாங்க" என்று வந்தவரை அனுப்பிவிட்டு, "நீ படிச்சது சரி, எழுதாம உட்டது என்னன்னு பாத்தியா?" என்பார். அந்தக் கேள்வியைத்தான் மூட்டை கட்டிக்கொண்டு விமானம் ஏறினேன்.

இங்கே நான் செய்வது சாரம் கட்டுகிற வேலை. கட்டிடம் எழும்ப மூங்கிலால் கட்டி நிறுத்துவார்களே, அதே மாதிரி ஒன்று. என்னுடையது சுண்டுவிரல் அளவுதான் இருக்கும்; உடம்பில் கரையும் பொருளால் ஆனது; உள்ளே முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள். எலும்பு போன இடத்தில் அதை வைத்து, நோயாளியின் இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை அதில் குடியேற்றினால், அவை அங்கே தங்கி எலும்பாக வளர வேண்டும். சாரம் மெல்ல மெல்லக் கரைந்து போக வேண்டும். 'வேண்டும்' என்றுதான் எழுதுகிறேன், கவனியுங்கள். முந்திக் கரைந்தால் அந்த இடம் பொக்காகப் போகும். பிந்திக் கரைந்தால் புண் வைக்கும். பத்திரிகையில் படம் வருவது நன்றாக வளர்ந்தவற்றுக்கு மட்டும். வளராதவற்றைக் குப்பையில் போட்டவள் நான்.

போன வருடம் என் தம்பி சிவகுமார் ஓட்டிய தேங்காய் லோடு வண்டி பொள்ளாச்சி ரோட்டில் கவிழ்ந்தது. இடது தாடை நொறுங்கிவிட்டது. வைத்த பிளேட்டில் சீழ் பிடித்து, நாலு விரற்கடை எலும்பை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. பத்து மாதம் மிக்சியில் அடித்த சோற்றைக் குடித்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் கோவையில் அவனுக்கு வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார்கள். சேருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சாரமும் ஸ்டெம் செல்லும். மீதிப் பேருக்கு வழக்கம்போலக் காலிலிருந்து ஒரு எலும்பை எடுத்துத் தாடையில் பொருத்துவார்கள். யாருக்கு எது என்று டாக்டர் தீர்மானிக்கமாட்டார். ஒட்டிய கவரைப் பிரித்தால்தான் அவருக்கே தெரியும்.

தம்பி மனைவி மேகலா போன் செய்தாள். "ஏனுங்க அண்ணி, உங்க நாட்டுல செஞ்சத எங்க மேல வெச்சுச் சோதிச்சுப் பாக்கறாங்களா?" என்றாள். அது என் ஆய்வகத்துச் சரக்கு இல்லை, எனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றேன். "இல்லைங்க, சும்மா கேட்டேன்" என்றாள். நம்பவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. மறுநாள் விஷயத்தை மாரைக்கேயிடம் சொன்னபோது அவள் நெற்றியைச் சுருக்கினாள். "அங்கே கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு என்னவென்று புரியுமா?" எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எங்கள் ஆட்களை என்னவென்று நினைத்தாய் என்று சத்தம் போட்டேன். அந்த வாரமே லீவு போட்டுக் கோவைக்கு வந்து, டாக்டர் முன்னால் உட்கார்ந்து, நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்: "இவங்களுக்கு முழுசாப் புரியற மாதிரி சொன்னீங்களா?" மாரைக்கேயின் அதே நெற்றிச் சுருக்கம் என் முகத்தில் இருந்திருக்கும். அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "மூணு தடவ சொல்லியிருக்கறனுங்க. நீங்க ஃபாரின்ல இருக்கறீங்களா?" என்றார்.

ஆஸ்பத்திரியில் மூன்று தடவை சொன்னது போதாதென்று மேகலா மாரியம்மனிடம் பூ கேட்கப் போனாள். எங்கள் பக்கத்தில் கல்யாணமோ கிணறோ, மனசு குழம்பினால் இப்படித்தான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் உத்தரவு. நானும் கூடவே நின்றேன். பிரித்தாள், வெள்ளை. அவள் முகத்தில் பத்து மாதத்தில் முதல்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன். "சாரமே வெக்கலாம்னு ஆத்தா சொல்லிப்போட்டா அண்ணி" என்றாள். கவர் என்று ஒன்று இருக்கிறது, பாதிக்குப் பாதிதான் என்று வழியெல்லாம் விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அம்மன் வெள்ளை கொடுத்த பிறகு கவருக்குள் வேறு என்ன இருக்க முடியும் என்பது அவள் கணக்கு.

என் கணக்கு வேறு. அவளுக்குச் சந்தேகம் தீர்ந்த இடத்தில் எனக்குத் தொடங்கியது. எலும்பு வளராமல் நான் குப்பையில் போட்ட சாரங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு முன்னால் வந்தன. தம்பியின் முகம் அல்லவா. அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள், மேகலா வராந்தாவில் உட்கார்ந்திருக்க, நான் மட்டும் டாக்டரைப் பார்க்க உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். சாரம் வேண்டாம், எப்படியாவது கால் எலும்பையே வைத்துவிடுங்கள் என்று இங்கிலீஷில் கெஞ்சினேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "நீங்களே இந்த வேலை செய்யறவங்க. என்னால கூட மாத்த முடியக்கூடாதுன்னுதானுங்க கவரே வெச்சிருக்குது. வேண்டாம்னா தம்பி வெளிய வந்துக்கலாம், அத அவரு சொல்லோணும்" என்றார். வெளியே வந்தேன். "என்னங்க பேசுனீங்க?" என்று மேகலா கேட்டாள். "சும்மா விவரம் கேட்டேன்" என்றேன். தம்பியிடம் போய், எனக்குப் பயமாக இருக்கிறது, வெளியே வந்துவிடு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெள்ளைப் பூவை எதிர்த்துப் பேச எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் காலையில் எங்கள் கண் முன்னால்தான் கவரைப் பிரித்தார்கள். கால் எலும்பு.

மேகலா அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள். தம்பியை உள்ளே கொண்டுபோன பிறகு பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காதபடி, மரியாதை ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் சொன்னாள்: "நீங்கதானுங்களே அண்ணி சொல்லி மாத்திப்போட்டீங்க? வெள்ளக்காரங்களுக்கு வெக்கறது எங்க ஊட்டுக்காரருக்கு ஆகாதுன்னு நெனச்சுட்டீங்களா?" சாரம் வந்திருந்தால் எங்கள் மேல் சோதனை பண்ணுகிறீர்கள் என்று ஒருநாள் சொல்லியிருப்பாள். வராததால் நல்லதை நாங்கள் ஒளித்து வைத்துக்கொண்டோம் என்றாகிவிட்டது. எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் எதையும் மாற்றவில்லை என்று சத்தியம் செய்யலாம்தான். மாற்றப் போனவள் எந்த முகத்தோடு சத்தியம் செய்வது?

அறுவைச் சிகிச்சை நன்றாக முடிந்தது. இரண்டு மாதம் கோல் ஊன்றி நடந்தான், அவ்வளவுதான். தாடை கூடிவிட்டது. நான் திரும்பி வந்து வேலையில் சேர்ந்தேன். மதிய ரொட்டியைப் பிரித்துக்கொண்டே மாரைக்கே, "உன் தம்பிக்கு எது கிடைத்தது?" என்றாள். கால் எலும்பு என்றேன். அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "நல்ல காரியம் செய்தாய்." நான் ஒன்றும் செய்யவில்லை, அது தானாக வந்தது என்றேன். என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்." கிணத்துக்கடவும் நெதர்லாந்தும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் நான் பார்த்தது அப்போதுதான்.

போன வாரம், அதே மதியச் சாப்பாட்டு நேரத்தில் சிவகுமார் வீடியோவில் வந்தான். அங்கே டீ நேரம். வர்க்கியை டீயில் நனைக்காமல் மொறுமொறுவென்று, பல் மிஞ்சிய வலது பக்கம் கடித்து, மென்று, எனக்குக் காட்டினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மென்று முடித்துவிட்டு, "அக்கா, ஒண்ணு கேட்டா நெசத்தச் சொல்லுவியா? அன்னைக்கு டாக்டருகிட்ட என்ன சொன்ன?" என்றான்.

இனியும் மறைக்க மனமில்லை. "சாரம் வேண்டாம்னு கேட்டேன் சிவா. அவரு முடியாதுன்னுட்டாரு."

டீ டம்ளரை எடுத்தவன் குடிக்காமல் கீழே வைத்தான். "முடியாதுன்னவரு, அப்பறம் எப்படிக் கால் எலும்ப வெச்சாரு?"

"அது கவர்ல வந்ததுடா."

"செரி, உடு" என்றான். கோபம் இல்லை. அக்காவின் பொய்யை மன்னித்துவிட்ட தம்பியாகத்தான் சிரித்தான். நான் வாழ்க்கையில் அவனிடம் சொன்னவற்றிலேயே பெரிய உண்மை அது. "உங்க ஊர்ல இருக்கறவங்களாச்சும் நீ சொன்னா நம்பறாங்களா?"

உங்க ஊர் என்று அவன் சொன்னது இந்த ஊரை. எதிரே உட்கார்ந்திருந்த மாரைக்கேவுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. திரையில் அசையும் தாடையை எட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் தெரிந்தவள்போல என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். போனில் ஒரு சிரிப்பு, மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. இரண்டும் என் மேல் பிரியமுள்ளவர்களுடையவை.

"டீ ஆறுது, குடிடா" என்றேன்.