வேலுவுக்கு இரண்டு ஆஜர்

கரும்பலகைக்குக் கரி பூசிக்கொண்டிருந்தார் ஹபீபுர் ரஹ்மான். வீட்டு அடுப்பிலிருந்து மனைவி பொறுக்கிக் கொடுத்த கரியைப் பொடி செய்து, பள்ளிக்கூட வேலியில் படர்ந்திருந்த கோவை இலையைக் கசக்கிப் பிழிந்து, அந்தச் சாற்றில் குழைத்து, பழந்துணிச் சுருளால் மேலிருந்து கீழாக இழுத்துக்கொண்டே வந்தார். அல்பாக்காத் துணிக் கோட்டு ஜன்னல் கம்பியில் தொங்கியது. சனிக்கிழமைதோறும் இது மாணவர்கள் செய்யவேண்டிய வேலை. ஆளுக்கு ஒரு வாரம் முறை. இந்த வாரம் அச்சாபீஸ் வேலுவின் முறை. வேலுவைக் காணவில்லை. வந்து உட்கார்ந்திருந்தவர்களில் யாரையாவது ஏவலாம். ஏவினால், “அது என் மொறை இல்ல சார்” என்பான். அதற்கு ஒரு பதில் சொல்லவேண்டும். அதைவிடக் கரி பூசுவது சுலபம்.

லஸ் முனைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது அந்தக் கட்டடம். பகலில் சின்னப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம். சாயங்காலம் ஆனதும் ‘மாலைக் கல்லூரி’ என்று துணியில் எழுதி வாசலில் தொங்கவிடுவார்கள். தையற்காரர், தபாலாபீஸ் சேவகர், ஓட்டலில் கணக்கு வைக்கிறவர், அத்தர் வியாபாரி என்று மீசை நரைத்தவர்களெல்லாம் பிள்ளைகளின் குட்டை பெஞ்சுகளில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து எட்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். எதிர்ச் சாரி டீக்கடையில் இதற்குக் ‘கெயவங்க காலேஜி’ என்று பெயர். ரஹ்மான் காதிலும் அது விழுந்திருக்கிறது. அந்தக் கடையில்தான் அவர் டீ குடிக்கிறார்.

பகலெல்லாம் மீர்சாகிப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் குழந்தைகளோடு கத்திவிட்டு, குடையை ஊன்றிக்கொண்டு நடந்தே லஸ்ஸுக்கு வருவார். வந்ததும் நாற்காலியின் கீழ்ச் சட்டத்தில் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொள்வார். அந்தக் கால் சாயங்காலத்தில் வீங்கும். யுத்தம் வந்த பிறகு சாக்கட்டி சரியாகக் கிடைப்பதில்லை. நகக்கண் தேயும் வரைக்கும் ஒரே துண்டில் எழுதுவார். மிச்சத் துணுக்கைக்கூட எறியாமல் பொடி டப்பி ஒன்றில் போட்டு மூடிவிடுவார்.

புதிதாக ஆள் சேரும்போதெல்லாம் மொத்த வகுப்பையும் நிற்கவைத்து விதிகளைச் சொல்லுவார். அதில் அவருக்கு அலுப்பே கிடையாது. அவர் அலுத்துக்கொள்ளாத ஒரே காரியம் அதுதான் என்பார்கள்.

“செருப்பு வெளியே, ஜோடி ஜோடியா. காதுல சொருவின பீடி ஜன்னல் மேல. போகும்போது அவனவன் பீடிய அவனவன் எடுத்துக்கணும், அங்க சண்டை கூடாது. பலகைய எச்சில் தொட்டு அழிக்கக் கூடாது. லேட்டா வந்தா சலாம் வேணாம், காரணம் வேணாம், பேசாம உக்காரு. காரணம் கேட்டா ஆளுக்கொரு கதை சொல்லுவீங்க. அதுக்கு நான் வேற சம்பளம் கேக்கணும்.”

கடைசி விதி வரும்போது மட்டும் குரலைத் தாழ்த்துவார். “ஒருத்தனுக்கு இன்னொருத்தன் ஆஜர் சொன்னா, சொன்னவனும் வெளியே, சொல்லச் சொன்னவனும் வெளியே.”

இது வெறும் மிரட்டல் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். போன வருஷம் அக்பர் பாஷா என்று ஒரு பையன் படித்தான். ரஹ்மானின் மனைவிக்கு அண்ணன் மகன். சினிமாவுக்குப் போன சிநேகிதனுக்காக ஒருநாள் ஆஜர் சொன்னான். ரஹ்மான் இரண்டு பேருடைய பெயரையும் அடித்துவிட்டார். பையன், “பூப்பா, ஒரே ஒரு தடவை” என்று வாசல் வரைக்கும் கூடவே வந்தான். அத்தை வீட்டுக்காரரை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவது. இவர் நிற்கவில்லை. பரீட்சை எழுத வழி இல்லை, ரிக்கார்டு ஆபீசில் பேசி வைத்திருந்த வேலையும் இல்லை என்று ஆனதும், பையன் பட்டாளத்தில் லாரி ஓட்டச் சேர்ந்துகொண்டு அஸ்ஸாம் பக்கம் போய்விட்டான். மைத்துனர் பெருநாளுக்குக்கூட இவர் வாசலை மிதிப்பதில்லை. வகுப்பில் என்னவோ, “சொந்தக்காரனையே வுடல பாரு” என்று மரியாதை கூடியது. அன்று வீட்டுக்குத் திரும்புகையில் ரஹ்மானுக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பூசிய கரி காய்ந்தது. கையைக் கழுவிக்கொண்டு, கோட்டை மாட்டிக் கழுத்துவரை பித்தான் போட்டு, பெயர் கூப்பிட உட்கார்ந்தார். பெயர் கூப்பிடும்போது அவர் தலை நிமிர்வதில்லை. கண் மங்கல், எழுத்தைவிட்டுப் பார்வையை எடுத்தால் மறுபடி வரி கிடைக்காது. காது போதும் என்று வைத்திருந்தார். சில மாதங்களாக அந்தக் காதுக்கும் ஒரு சந்தேகம் உண்டு. வேலு ஒரு வாரம் கனத்த குரலில் ஆஜர் சொல்லுவான், ஒரு வாரம் கீச்சுக் குரலில் சொல்லுவான். தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்துக்கொள்வார். அப்படி நினைத்துக்கொள்வது சௌகரியமாக இருந்தது.

“ஏகாம்பரம்?”

“ஆஜர் சார்.”

“மெஹபூப் பாஷா?”

“ஹாஜர் சாப்.”

“வேலு?”

“ஆஜர் சார்!”

ஒரு பெயருக்கு இரண்டு தொண்டை. ஒன்று சுவரோரப் பெஞ்சிலிருந்து, ஒன்று ஜன்னலோரத்திலிருந்து. ரஹ்மானின் பேனா நின்றது. வேலுவின் முறைக்காக அவர் பூசிய கரி இன்னும் நகத்தில் இருந்தது.

“யோவ், இது என் வாரம்யா” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார் தையற்கார மெஹபூப் பாஷா.

“இன்னா உன் வாரம்? உன்து நேத்தோட முட்ஞ்சி போச்சி” என்றான் தபாலாபீஸ் ஏகாம்பரம்.

“நடுவுல ரெண்டு நாள் லீவு வுட்டாங்க இல்ல? லீவு கணக்குல சேராது. அந்த ரெண்டு நாள நான் இந்த வாரம் குடுக்கணும்.”

“இது யாரு வச்ச சட்டம்?”

“டீக்கடையில அல்லாரும் உக்காந்து பேசினதுதானே! நீ அன்னிக்கி இல்ல?”

“நான் வடை வாங்கப் போயிருந்தேன், நைனா. எனக்கு யார் சொன்னா?”

பின்னால் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் இரண்டு பேருக்கும் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பது உறைத்தது.

ரஹ்மான் தலையைத் தூக்கினார். ஜன்னல் சாத்த முறை வைத்தார், பானையில் தண்ணீர் நிரப்ப முறை வைத்தார், கரி பூச முறை வைத்தார். ஒன்றாவது அவர் ஞாபகப்படுத்தாமல் நடந்ததுண்டா? இவர்களாக வைத்துக்கொண்ட இந்த முறை மட்டும் லீவுக்கு ஈடு கொடுக்கிற அளவுக்கு ஒழுங்காக நடந்திருக்கிறது.

“எவ்ளோ நாளா நடக்குது இது?”

கடைசியில் அத்தர் வியாபாரி வலியுல்லாதான் பேசினார். வகுப்பிலேயே வயதில் பெரியவர், ரஹ்மானுக்கும் மூத்தவர்.

“கோச்சுக்காத சார். அவன் ஆபீஸ்ல ரேஷன் கார்டு அடிக்கிறாங்கோ. ஒரு மாசம் பகல் வேலை, ஒரு மாசம் சாயங்கால வேலை. சாயங்கால மாசத்துல அவன் எப்டி வருவான்? பாடத்த மட்டும் நாங்க உடறதில்ல. போய் சொல்லிக் குடுத்துட்றோம்.”

“நீங்களா சொல்லிக் குடுக்கறீங்க?”

“தப்பாத்தான் சொல்லிக் குடுக்கறோம். ஆனா சொல்லிக் குடுக்கறோம்.”

அந்தச் சமயத்தில் வேலு ஓடிவந்தான். முழங்கை வரைக்கும் மை. செருப்பை அவசரத்திலும் ஜோடியாக விட்டுவிட்டு உள்ளே வந்தவன், பலகையைப் பார்த்து நின்றான்.

“ஐயோ, போர்டு என் மொறை ஆச்சே சார். மேஸ்திரி கையில கால்ல வுயுந்து அதுக்குத்தான் பர்மிசன் வாங்கினு வந்தேன்.”

ஒருவரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

“இன்னாப்பா, மாட்டிக்கினோமா?”

“ரெண்டு பேரா சொல்லிட்டோம்டா” என்றான் ஏகாம்பரம்.

“ரெண்டு பேரா? ஒருத்தன் சொன்னா பத்தாதா? நான் இன்னா கவர்னரா?”

சொல்லிவிட்டு அவனே தலையில் கையை வைத்துக்கொண்டான். பிறகு மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். “சார், எம் பேர அடிச்சிடு. அவங்கள வுட்டுடு. எட்டாங்கிளாஸ் பாஸ் பண்ணினா எழுத்துக் கோக்கற பக்கம் போட்றேன்னாரு மேஸ்திரி. போனா போவட்டும். காயிதக் கட்டு தூக்கறது எனக்கு இன்னா புச்சா?” அவனுடைய வலது தோள் இடதைவிடத் தாழ்ந்திருந்தது. இத்தனை நாளில் ரஹ்மான் அதைப் பார்த்ததில்லை.

“இவனுக்கு ஆஜர் சொன்னவங்க எல்லாம் எந்திரிங்க” என்றார்.

முதலில் மெஹபூப் பாஷாவும் ஏகாம்பரமும் எழுந்தார்கள். அப்புறம் வலியுல்லா, முட்டியைப் பிடித்துக்கொண்டு. பிறகு ஒவ்வொருவராக, குட்டை பெஞ்சிலிருந்து காலை உருவிக்கொண்டு எழுந்தார்கள். கடைசியில் உட்கார்ந்திருந்தவர் ரஹ்மான் ஒருவர்தான். விதிப்படி பெயர்களை அடித்தால் மிஞ்சுவது அவரும், கோவை இலை வாசனை போகாத அந்தக் கரும்பலகையும்.

இரக்கம் என்று சொல்லிவிட முடியாது. கால் வலித்தது. கத்திக் கத்தித் தொண்டை வறண்டிருந்தது. இன்னும் தசம பின்னம் பாக்கி இருந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு நுனியால் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“உக்காருங்க.”

உட்கார்ந்தார்கள்.

“வேலு?”

“ஆஜர் சார்.” இந்த முறை ஒரே தொண்டை, மூச்சு வாங்கிற்று.

குறித்துக்கொண்டார். “சாயங்கால வேலை மாசத்துல காலைல என் ஸ்கூலுக்கு வா. பசங்க வர்றதுக்கு முன்னாடி. அத நான் ஆஜர்னு போட்டுக்கறேன். இவங்க சொல்லிக் குடுத்ததையெல்லாம் மறந்துட்டு வா.”

வகுப்பு முடிந்து பீடிகளை எடுத்துக்கொள்ளும்போது அன்று சண்டையே வரவில்லை.

வீட்டில் அன்வரி பேகம் தட்டு வைத்தாள். ரேஷன் அரிசி, கல் பொறுக்கியே அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சோற்றைச் சாப்பிடப் பேச்சு வேண்டியிருந்தது. ரஹ்மான் அன்றைய கதையைச் சொன்னார். வேலுவுக்கு இரண்டு ஆஜர் விழுந்ததை, லீவு நாள் வழக்கை, ஏகாம்பரம் வடை வாங்கப் போனதை. அன்வரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆயிற்று. அவரும் அந்த உற்சாகத்தில் வலியுல்லாவைப் போலவே பேசிக் காட்டினார்.

“அப்புறம்? எல்லாரையும் வெளிய அனுப்பிட்டீங்களா?”

“எல்லாரும் எந்திரிச்சு நின்னுட்டாங்க. யாரைன்னு அனுப்பறது?”

“அந்த வேலுவ?”

“காலைல ஸ்கூலுக்கு வரச் சொல்லியிருக்கேன்.”

அவள் சிரிப்பு உடனே நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. குழம்பு ஊற்றினாள்.

“நல்லதுதான். பாவம், வேலைக்குப் போறவன்” என்றாள். பிறகு, “அக்பரும் ஒருத்தனுக்குத்தான் சொன்னான், இல்லீங்க?”

“அது சினிமாவுக்குப் போனவனுக்கு.”

“சொன்னவன் சினிமாவுக்குப் போகலயே. கிளாஸ்லதானே உக்காந்துக்கினு இருந்தான்.”

அவர் சோற்றைப் பிசைந்தார். ஏற்கெனவே பிசைந்த சோறு.

“நான் சண்டைக்கு வரலீங்க” என்றாள் அன்வரி. குரலில் கோபம் இல்லாததுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. “எனக்கு எழுத வராது. மாசா மாசம் நான் சொல்லச் சொல்ல நீங்கதானே அவனுக்குக் கடுதாசி எழுதறீங்க. வீட்ல ஆடு குட்டி போட்டது வரைக்கும் எழுதறோம். அவன் கூடப் படிச்சவங்க கதைன்னா அவனுக்கு உசுரு. இதச் சொன்னா எழுதுவீங்களா?”

ரஹ்மான் தட்டின் ஓரத்திலிருந்து ஒரு கல்லைத் தேடி எடுத்து வெளியே வைத்தார்.

அன்வரி குழம்புச் சட்டியை மூடினாள். தண்ணீர்ச் செம்பை அவர் கைக்கு எட்டுகிற இடத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டு, சட்டியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.