நமுத்துப்போன முறுக்கு

பிள்ளைகளே, மேரு என்ற ஊரில் நான் நடத்தும் சிறிய முறுக்குத் தொழிற்சாலைக்குப் பல்கலைக்கழகப் பயிற்சி மாணவி ஒருவர் வந்தார். கம்பெனிகளும் ஆய்வுக்கூடங்களும் சேர்ந்து புதியதைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. பெரிய மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். எதைக் கையில் எடுத்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பார்.

“அங்கிள், எல்லா கம்பெனியும் நல்லத மட்டும்தான் காட்டுறாங்க. தீராத பிரச்சனை ஒன்னு சொல்லுங்க லா. இல்லனா லேப்புக்கு வெறுங்கையோடதான் போவணும்.”

“வெளிய சொன்னா வியாபாரம் படுத்துடும்மா.”

“மறைச்சா மட்டும் சரியாயிடுமா, அங்கிள்?”

மழைக்காலத்தில் நமுத்துப்போய்க் கடையிலிருந்து திரும்பி வந்த பாக்கெட் ஒன்றைத் தயங்கித் தயங்கி நீட்டினேன். முகர்ந்தார், கடித்தார். முறுக்கு வளைந்ததே தவிர ஒடியவில்லை. அவர் முகம் மலர்ந்தது.

“இதான் அங்கிள் வேணும். இன்னும் இருக்கா?”

நமுத்த முறுக்கைப் புதையல்போல் அணைத்துக்கொண்டவரை அன்றுதான் பார்த்தேன். இன்னும் இரண்டு பாக்கெட் தேடி ஸ்டோர் அறைக்கு ஓடியது நான்தான்.