நீல டிக்குக்காகக் காத்திருந்தவர்

காலை ஆறு மணிக்கு வர வேண்டிய செய்தி அன்று ஏழே முக்காலுக்கு வந்தது. கலியபெருமாள் எண்ணிலிருந்துதான். முகப்புப் படத்தில் வழக்கம்போல அவர் முகம் இல்லை, தண்ணீர் மட்டம் காட்டும் அளவுப் பலகைதான் இருந்தது. தஞ்சாவூர் வீட்டில் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு, கடல் பக்கம் இத்தனை அடி, உள்பக்கம் இத்தனை அடி என்றுதான் இருக்கும் என்று திறந்தேன். "அப்பா நேற்று சாயங்காலம் தவறிட்டாங்க. நெஞ்சுவலி. இன்று மதியம் எடுக்கிறோம். மகள் மல்லிகா" என்று இருந்தது. போனவருடைய எண்ணிலிருந்தே போன செய்தி வந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று வேறு காட்டிக்கொண்டிருந்தது. தோசைக்கல் புகையத் தொடங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதைப் படிக்கும் ஊர்க்காரர்களான உங்களுக்கு அவர் சட்ரஸ் கலியபெருமாள்; ஷட்டர் என்பது உங்கள் வாயில் சட்ரஸ். எங்கள் துறையின் பதிவேட்டில் லஸ்கர், அதாவது மதகுக் கதவுகளைத் தூக்கி இறக்கும் ஊழியர். சீர்காழிக்குக் கிழக்கே, கடலுக்கு இரண்டு மைல் முன்னால் வடிகால் ஆற்றின் குறுக்கே நிற்கும் அந்த ரெகுலேட்டரில் ஐந்து கதவுகள். கடல் ஏறினால் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்புத்தண்ணீர் வயலுக்கு வந்துவிடும். மழை கொட்டி வயலில் தண்ணீர் நின்றால் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் பயிர் அழுகிவிடும். இரண்டும் ஒரே நாளில் நடந்தால் எதை எப்போது செய்வது என்பதற்குப் புத்தகம் கிடையாது. அவர் இரண்டு பலகைகளையும் மாறி மாறிப் பார்த்து, காற்றைப் பார்த்து, தானே முடிவு செய்வார். முப்பது வருடம் அப்படித்தான் செய்தார். உங்கள் சம்பா எத்தனை முறை அதனால் பிழைத்தது என்று உங்களுக்கே தெரியும்.

அதை மாற்றியவள் நான். உதவிப் பொறியாளராக அந்தப் பிரிவுக்கு வந்த முதல் மாதமே, இனி போனில் சொல்வது கேட்பது எல்லாம் கிடையாது, எதுவானாலும் வாட்ஸப்பில் வர வேண்டும், அப்போதுதான் நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் கையில் ஆதாரம் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். ஆதாரம் என்றால் எனக்கு அப்போது அவ்வளவு பிரியம். அவரிடம் இருந்தது பட்டன் போன். மகள் மல்லிகா சீர்காழியில் ஒரு கடையில் புதுப் போன் வாங்கிக் கொடுத்து, செயலியையும் போட்டு அனுப்பினாள். "கூப்ட்டுச் சொல்லிட்டா தேவலங்க மேடம். குரலக் கேட்டா அவசரமா இல்லையான்னு தெரிஞ்சிடும்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். நான் விடவில்லை.

அரை மணி நேரம் எழுத்து எழுத்தாகத் தேடி அவர் எனக்கு அனுப்பிய முதல் செய்தி, 'மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு' என்று தொடங்கி, கடல் பக்கத்து அளவையும் உள்பக்கத்து அளவையும் சொல்லி, 'இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள கலியபெருமாள், லஸ்கர்' என்று முடிந்தது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் அனுப்பினார். குரல் செய்தி அனுப்பக் கற்றுக்கொடுத்தபோது எழுந்து நின்று பேசினார். உட்கார்ந்தே பேசலாம் என்றேன். மேடம் காதுல விழறப்ப நான் உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும் என்று கேட்டார். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்றைக்குத்தான் டிக் பாடமும் நடந்தது. ஒரு டிக் என்றால் போய்விட்டது, இரண்டு டிக் என்றால் என் போனுக்கு வந்துவிட்டது, இரண்டும் நீலமானால் நான் பார்த்துவிட்டேன் என்று விளக்கினேன். "நீங்க பாத்துட்டா நீலம்" என்று திருப்பிச் சொல்லிக்கொண்டார். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதில் ஒளிந்திருக்கும் விபரீதம் உடனே புரியும். எங்களிடம் ஒரு கோப்பை அதிகாரி பார்த்துவிட்டார் என்றால் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று பொருள். ஓரத்தில் ஒரு டிக், கீழே சுருக்கொப்பம், காரியம் முடிந்தது. முப்பது வருடம் அந்த டிக்குக்காகத் தாள்களை ஏந்திக்கொண்டு நின்ற மனிதரிடம்தான் நான் இதைச் சொன்னேன்.

முதல் முறை அது தெரிந்தபோது ஆவணி மாதம். இரண்டாவது கதவை அரை அடி தூக்கட்டுமா என்று கேட்டிருந்தார். படித்தேன், பதில் எழுத மறந்துவிட்டேன். சாயங்காலம் போனால் கதவு அரை அடி தூக்கியிருந்தது. யாரைக் கேட்டுத் தூக்கினீர்கள் என்று கேட்டேன். "நீங்கதான மேடம் பாத்துட்டீங்க" என்று போனைக் காட்டினார். அப்போதே திருத்தியிருக்க வேண்டும். ஆனால் அது எனக்கு வசதியாக இருந்தது. ஒரு நாளைக்கு எண்பது செய்தி வரும். அவர் ஒருவருக்காவது பதில் எழுத வேண்டாம், திறந்து பார்த்தால் போதும். தப்பாக ஏதாவது கேட்டால் மட்டும் 'வேண்டாம்' என்று எழுதுவேன். இரண்டு மாதம் இப்படியே ஓடியது.

ஐப்பசியில் ஒரு இறால் பண்ணைக்காரர் மேலே புகார் கொடுத்தார். கலியபெருமாள் என்னைக் கேட்காமல் கதவைத் தூக்கியதில் அவர் பண்ணையின் கரை அரித்துவிட்டதாம். மேலே எனக்கு விழுந்ததை நான் அப்படியே கீழே இறக்கினேன். இனி என்னிடம் கேட்காமல் கதவைத் தொட்டால் எழுதிக் கொடுத்துவிடுவேன் என்று நாலு பேர் எதிரில் சொன்னேன். அவர் என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க மேடம். இனிமே நீலம் வராம தொட மாட்டேன்" என்றார். அந்த வாக்கியம் என் காதில் தெளிவாக விழுந்தது.

அந்தக் கார்த்திகை மழையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நாளாக விடவில்லை. மூன்றாம் நாள் மதியம் நான் மாவட்டத் தலைநகரில் ஒரு ஆய்வுக் கூட்டத்தில் இருந்தேன். மூன்று மணி வாக்கில் அவர் கூப்பிட்டார். துண்டித்துவிட்டு, 'கூட்டத்தில் இருக்கிறேன், மெசேஜ் போடவும்' என்ற தயார் பதிலை அனுப்பினேன். உடனே வந்தது: 'கடல் வேகமா ஏறுது மேடம். அஞ்சு கதவையும் இறக்கிடட்டுமா?' மேசைக்கு அடியில் வைத்துப் படித்தேன். படித்துக்கொண்டிருக்கும்போதே மேலதிகாரி, எல்லோரும் போனை உள்ளே வையுங்கள் என்றார். பைக்குள் வைத்துவிட்டேன்.

அவர் இறக்கினார். கடல் உள்ளே வரவில்லை, ஆனால் மேலேயிருந்து வந்த மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் உள்பக்கம் ஏறத் தொடங்கியது. மூன்று நாற்பதுக்கு அடுத்த செய்தி: 'உள்பக்கம் ஏறுது. ரெண்டு கதவ தூக்கிடட்டுமா?' நாலு பத்துக்கு: 'மேடம் பாருங்க.' நாலரைக்கு: 'மேடம்.' பழைய கலியபெருமாளாக இருந்திருந்தால் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார், தூக்கியிருப்பார். அன்றைக்கு அவர் பாலத்தின் மேல் மழையில், போனைப் பாலித்தீன் பையில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு, டிக் நீலமாகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். பார்த்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். தண்ணீர் கண்ணுக்கு எதிரே ஏறுகிறது, இந்த ஆள் செல்லை நோண்டிக்கொண்டு நிற்கிறான் என்றுதான் அப்போது உங்களுக்குத் தோன்றியது. கூட்டம் ஐந்தரைக்கு முடிந்தது. வெளியே வந்து திறந்தேன். நான் திறந்த அந்த நிமிடம்தான் அவர் கதவைத் தூக்கினார். அதற்குள் வடிகால் கரை இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. பால் பிடிக்கிற பருவத்தில் இருந்த சம்பா ஐந்து நாள் தண்ணீருக்குள் கிடந்தது. ஒரு மணி நெல்கூட மிஞ்சாமல் அழுகிப்போனது.

விசாரணை நடந்த அறையில் நான், அவர், விசாரணை அதிகாரி, தட்டச்சர் நாலு பேர்தான். யார் இறக்கச் சொன்னது என்று அவரைக் கேட்டார்கள். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "யாரும் சொல்லலீங்க. நானாத்தான் இறக்கினேன்" என்றார். என்னைக் கேட்டார்கள். நான் எந்தப் பதிலும் அனுப்பவில்லை என்றேன். போனைக் காட்டினேன். அவர் கேள்விக்குக் கீழே பதில் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். ஓய்வு பெற நாலு மாதம்தான் இருந்தது, அந்த நாலு மாதமும் அதிலேயே போயிற்று. வழியனுப்பு விழா இல்லை, மாலை இல்லை.

வெளியே வேப்பமரத்தடியில் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்ல வேண்டுமென்று பக்கத்தில் போனேன். அவரே முந்திக்கொண்டார். "பாத்துட்டீங்கன்னு நெனச்சேன் மேடம். படிச்சிருக்கீங்க, அவ்வளவுதான்." கோபமே இல்லாமல் சொன்னார். ஒரு கணக்கில் தன் கூட்டல் பிழையைத் தானே கண்டுபிடித்தவர் மாதிரி சொன்னார். அன்று வீட்டுக்குப் போனதும் நான் செய்த முதல் காரியம், நீல டிக்கே வராதபடி போனில் மாற்றிவைத்தது. பயம்தான், வேறென்ன.

மறுநாளிலிருந்து காலை ஆறு மணிக்கு அவர் செய்தி வரத் தொடங்கியது. கடல் பக்கம் இத்தனை, உள்பக்கம் இத்தனை. மதிப்பிற்குரிய மேடமும் இல்லை, இப்படிக்கும் இல்லை. கேள்வியும் இல்லை. அவருக்கு அது வேலை இல்லை, எனக்கும் சீக்கிரமே தஞ்சாவூருக்கு மாற்றல் வந்துவிட்டது, அந்த அளவுகளால் எனக்கு ஒரு பயனும் கிடையாது. இருந்தும் மூன்று வருடம் ஒரு நாள் விடாமல் வந்தது. ஒவ்வொன்றையும் படித்தேன். ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. அந்த எண்கள் வருவதற்கு முன்பே தினமும் விழித்துக்கொண்டு, போனைப் பார்த்தபடி படுத்திருப்பேன்.

இழவு வீட்டுக்கு நான் போனபோது ஊர்ச்சனம் அதிகமில்லை. மூன்று வருடமாக அந்த வீட்டு வாசலை மிதிக்காதவர்கள் பாதிப் பேர் அன்றும் மிதிக்கவில்லை. மல்லிகா அவர் போனை எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள். மேலே தள்ளத் தள்ள எல்லாம் சாம்பல் நிற டிக். "தெனம் அனுப்பிட்டு, நீலமாச்சான்னு சாயங்காலம் வரைக்கும் பாப்பாங்க மேடம். நம்பர் மாத்திருப்பாங்கப்பான்னு நான் சொல்வேன். இல்லம்மா, மேடம் ஒரு நாள் பாப்பாங்கம்பாங்க" என்றாள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

அவர் கடைசியாக அனுப்பிய செய்தி வழக்கத்தைவிட நீளம். 'மூணாவது கதவு இறங்குது, ஏற மாட்டேங்குது. ஸ்குரூ தேஞ்சிருக்கு. மழைக்கு முன்னாடி பாக்கச் சொல்லுங்க.' சுடுகாட்டிலிருந்து ஆட்கள் திரும்பும் முன் நான் ரெகுலேட்டருக்குப் போனேன். இப்போது இருக்கும் லஸ்கர் பேராவூரணிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், ஐம்பது வயது இருக்கும். மூன்றாவது கதவைப் பற்றிக் கேட்டேன். தனக்கும் தெரியும் என்றார். மேலே சொன்னீர்களா என்று கேட்டேன். "போட்டுட்டேங்க. ஏஇ சார் பாத்துட்டாரு. நீல டிக் வந்துடுச்சு" என்றார்.

ஏஇ என்றால் உதவிப் பொறியாளர், என் பழைய நாற்காலியில் இப்போது இருப்பவர். எத்தனை நாளாயிற்று என்று கேட்டேன். பத்து நாள் என்றார். கிழக்கே கடல்மேல் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அவர் பக்கத்தில் நின்ற ஊர்க்காரர் ஒருவர், மூன்று வருடத்துக்கு முன்பு அந்த ஆள் செய்த வேலையால்தான் கதவெல்லாம் இந்தக் கதியில் இருக்கிறது என்று என்னிடமே சொன்னார். கலியபெருமாளின் சாம்பல்கூட இன்னும் ஆறவில்லை. விசாரணை அறையில் வராத பேச்சு பாலத்தின் மேலும் வரவில்லை. அந்தப் பொறியாளரைக் கூப்பிட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுத்தான் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினேன். செய்கிறேன் என்றார். செய்தாரா என்று எனக்குத் தெரியாது. இன்று மழை பிடித்துவிட்டது. நீங்கள் போய்ப் பாருங்கள்.

கலியபெருமாளிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு கேள்வி. அஞ்சு கதவையும் இறக்கிடட்டுமா என்று அன்று மூன்று மணிக்கு வந்தது. அதை நான் அழிக்கவில்லை. அது என் கண்ணில் பட்டாலே அவர் சரி என்று எடுத்துக்கொள்வார் என்பது அந்த நிமிடம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனைப் பைக்குள் வைத்தேன், ஒரு சொல் எழுதும் வேலை மிச்சம் என்று. அவர் டீக்கடைக்கு வந்தால் நீங்கள் எழுந்து போனீர்கள், அவர் பேச்சுக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அந்த மூன்று வருடம் எனக்கு வந்திருக்க வேண்டியது. உங்கள் சம்பா தண்ணீருக்குள் போன அன்று கதவை இறக்கச் சொன்னது நான்.